பதினோராம் மாடியில் நூறு வாட்

இரவுப்பணி முடிந்து வந்தால்
யீஷூன் இன்னும் எழுந்திருக்காது.

காப்பறைக்குள்
அரிசி மூட்டைக்கும் ஊதா சூட்கேஸுக்கும் நடுவே
மடக்கு நாற்காலி, மடிக்கணினி, கிட்டார், நான்.
இரும்புக் கதவைச் சாத்திவிட்டு
ஓர் ஆம்ப்பை ஏற்றுகிறேன்.

ஏற்றுவதென்றால் தூக்கி அல்ல,
சுட்டியால் ஒரு தட்டு.
நாற்பது கிலோ எடையில்லாமல் வந்து நிற்கிறது.
வால்வுகள் மெல்லச் சிவக்கின்றன.
தொட்டால் திரை சில்லென்றிருக்கிறது.
வாங்காத மைக்கை
இல்லாத ஸ்பீக்கர் முன்னால்
ஓர் அங்குலம் தள்ளி வைக்கிறேன்.
ஒலி கம்முகிறது.
திரும்ப இழுக்கிறேன்.
கெய்ன் எட்டு.

ஹெட்போனுக்குள் மலை சரிகிறது.

வெளியே,
கதவைத் திறந்து எட்டிப் பார்த்த சசிரேகா சொன்னாள்:
"ரப்பர் பேண்டை இழுத்து இழுத்து விடுறீங்க.
அதுக்கு மூஞ்சி ஏன் இப்படிப் போகுது?"

விரலுக்கும் காதுக்கும் இடையே
ஒன்பது மில்லி செகண்ட்.
குறைத்தால் கணினி கரகரக்கிறது.
கூட்டினால்
வேறு எவனோ வாசிக்கிறான்,
என் விரலைப் பார்த்துக் காப்பியடித்து.

மென்பொருளில் அறைகளும் உண்டு.
தேவாலயம், சுரங்கம், பனிநாட்டு அரங்கம்.
கால் வைக்காத இடத்திலெல்லாம்
எதிரொலித்துப் பார்த்துவிட்டேன்.
ஒன்றும் ஒட்டவில்லை.

சனிக்கிழமை கீழ்த்தளத்தில் மலாய்க் கல்யாணம்.
விடிந்தால் ஞாயிறு, மணி நான்கு.
நாற்காலிகளை அடுக்கிவிட்டுப் போயிருந்தார்கள்.
தூணில் ஒரு பலூன் மிச்சம்.
ஓர் இடத்தின் எதிரொலியைப் பிடிக்க
அங்கே ஒரே ஒரு வெடிப்பு போதும் என்று
எங்கோ படித்திருந்தேன்.
ரெக்கார்டரைத் தரையில் வைத்தேன்.
வீட்டுச் சாவியால் குத்தினேன்.

தூண், தூண், தபால்பெட்டி வரிசை,
சதுரங்க மேசை, லிஃப்ட் கதவு, மறுபடியும் தூண்.
ஒவ்வொன்றும் தன் பங்கைத் திருப்பித் தந்தது,
மொத்தம் இரண்டு விநாடி.
ஒரு பூனை ஓடியது.
மேலே எங்கோ விளக்கு எரிந்தது.

அந்த இரண்டு விநாடியை மென்பொருளுக்கு ஊட்டினேன்.
இப்போது
காப்பறையை விட்டு நகராமல்
கீழ்த்தளம் முழுக்க அதிர வாசிக்கிறேன், நூறு வாட்டில்.
தபால்பெட்டிகள் வரை போய்த் திரும்புகிறது
ஒவ்வொரு மீட்டலும்.
பத்தாம் மாடித் திருவாட்டி ஓங்
நிம்மதியாகத் தூங்குகிறார்.

இரண்டு வருஷமாக இந்த புளோக்கில்
நான் எழுப்பிய ஒரே சத்தம்
அந்தப் பலூன்.

செவ்வாய்க்கிழமை லிஃப்டில் ஒட்டியிருந்தார்கள்
நான்கு மொழிகளில் ஒரு வேண்டுகோள்.
ஆங்கிலத்தில் சரியாகத்தான் இருந்தது.
தமிழில் மட்டும் ஓர் எழுத்து பிசகி,
'குடியிருப்பாளர்களே,
பின்னிரவில் சந்தம் எழுப்பாதீர்.'

பதினோரு மாடி ஏறும்வரை
சப்பாத்துக்குள் கட்டைவிரல்
அசையாமல் பார்த்துக்கொண்டேன்.