கையெழுத்து நாள்

செவ்வாய் காலை ஒன்பது மணி என்று
பழைய ஐயா எழுதியிருந்தார்.
ஒன்பதுக்குப் போனால்
நெத்தலி காயப்போட ஆளில்லை,
சின்னவளைப் பாலர் பள்ளியில் விட ஆளில்லை.
இரண்டு தரம் பிந்தினேன்.
இரண்டு தரமும் சிவப்புப் பேனா.
மூன்றாம் தரம் மறியல் என்றார்,
முகம் பார்க்காமல்.

இப்போது றிஸ்மியா மிஸ்.
கிண்ணியாப் பாலம் கடந்து ஸ்கூட்டியில் வருவா.
முதல்நாள் ஃபைலைத் திறக்கவில்லை.
கதவைச் சாத்தினா, யன்னலைத் திறந்தா,
"கசிப்பு ஆருக்காக வித்தனீங்கள்?"

ஏன் என்று கேட்டிருந்தால்
கோட்டில் சொன்ன பொய்யையே
திரும்பச் சொல்லியிருப்பேன்.
ஆருக்காக என்றதும் வாய் பூட்டிக்கொண்டது.
லோன்காரன் படலையில் நின்று கோன் அடிப்பது
காதுக்குள் கேட்டது.
அதற்கும் பின்னால், அவர்.
குடிக்காத நாளிலும் அடிக்கிற அவர்.

மிஸ் ஒன்றும் எழுதவில்லை.
தேத்தண்ணி ஆறிப்போச்சு, வேற போடவா என்றா.

செவ்வாய் இப்போது பின்னேரம் இரண்டரை.
பிள்ளையும் வரலாம்.
மூலையில் ஒரு பாய், முனை உடைந்த கலர் பென்சில்கள்.
நாங்கள் ஆறு பேர், கதிரை ஐந்து.
வட்டமாக இருங்கோ என்பா மிஸ்;
ஒருத்தி எப்போதும் நிற்போம்.
கந்தளாய் சுமனாவதி பாதி தமிழில் ஏசுவா, மீதி சிங்களத்தில்.
பாலையூற்று பெனடிற்றா
தண்டம் கட்டக் காசில்லாமல் உள்ளே கிடந்த கதையைப்
பகிடியாகத்தான் சொல்லுவா.
சிரித்து முடித்த பிறகுதான்
அது பகிடி இல்லை என்று தெரியும்.

பெரிதாக ஒன்றும் நடப்பதில்லை.
ஒருநாள் என் லோன் கடதாசியை
எல்லாரும் சேர்ந்து வரி வரியாக வாசித்தோம்.
நான் கையெழுத்து வைத்த வட்டியை
அன்றுதான் நான் கண்டேன்.
ஒருநாள் சுமனாவதி அழுதா.
ஆரும் அழாதேங்கோ என்று சொல்லவில்லை.
அவர் வாசலில் வந்து சத்தம் போட்ட அன்று
மிஸ் பின்கதவைத் திறந்துவிட்டா.
அது கடற்கரைக்குப் போகிற கதவு.
எந்த விதிப் புத்தகத்தில் அது இருக்கிறதோ
எனக்குத் தெரியாது.

போன கிழமை பஸ் ஸ்டாண்டடியில்
ஒரு மான் றோட்டின் நடுவே நின்றது,
வாயில் லஞ்ச் சீற் துண்டோடு.
பஸ் நின்றது, ஆட்டோ நின்றது,
ஒருத்தரும் கோன் அடிக்கவில்லை.
நானும் நின்றேன்.
பத்து நிமிஷம் பிந்தினேன்.

மிஸ் மணிக்கூட்டைப் பார்த்தா.
"ஏன்?"
"மான்" என்றேன்.
முழு உண்மை.

புத்தகத்தை என் பக்கம் தள்ளினா.
நீலப் பேனா.
இன்னும் ஏழு மாதம்.
நெத்தலி காய்ந்திருக்கும்,
இருட்ட முதல் அள்ளவேணும்.