சுவிட்ச் என் பக்கம்

நூறு ராண்டுக்குப் போட்ட யூனிட்
மூன்று நாள் தாங்கவில்லை.
ஹீட்டரைத்தான் திட்டிக்கொண்டிருந்தேன்.

வெள்ளிக்கிழமை ஊதுபத்தி காட்டிக்கொடுத்தது.
புகை சாமிப் படத்தை விட்டு
படுத்தபடியே போய்
குளியலறைக் கதவடியில் நுழைந்தது.

உள்ளே அந்த விசிறி
காசு கொடுத்துக் காய்ச்சிய காற்றை
லெனேசியாவின் ஜூலைக்கு
வாரி இறைக்கிறது.
விடிந்தால் தகரக் கூரை முழுக்க உறைபனி,
குழாய்வாயைச் சுற்றி மட்டும் வெறும் ஈரம்.

பூபாலன் குளித்து முடித்தும்
ஒரு மணி நேரம் ஓடும்.
"சுவர் காயணுமே."

நேற்று வெளியிலிருந்தே அணைத்தேன்.

இரைச்சல் நின்ற இடத்தில்
அவர் குரல், ஃபோனில், தணிந்து:
"வீட்ல இன்னும் சொல்லல தம்பி.
பழைய கம்பெனிக்குப் போறதாத்தான் நினைக்கிறாங்க."

மறுபடி போட்டேன்.
கரண்ட் போய் வந்ததென்று
நினைத்துக்கொள்ளட்டும்.