மூன்றாவது தட்டு

டுலூத் நகர நூலகத்தின் கீழ்த்தளத்தில்
ஜனவரி மாதத்துச் செவ்வாய்க்கிழமைகள்
லெப்டினன்ட் பிரானக்குக்கு.
வெளியே பூஜ்யத்துக்குக் கீழே இருபது.
உள்ளே பதினான்கு நாற்காலி, ஒன்பது பேர்,
காபி இயந்திரம், நான்.
டிவிடியை ஓட்டுவது என் வேலை.
கருத்துச் சொல்வது அல்ல.

நாற்பது வருடம் கழித்துப் பெட்டியாக வந்திருக்கிறது தொடர்.
பதினோரு தட்டுகள்.
அட்டையில் அவருடைய தொப்பி மட்டும்.

"ரொம்பத் துடைத்துவிட்டார்கள்" என்றார் ஆர்வில் ட்வைட்,
தாதுக் கப்பல் துறையில் கிரேன் ஓட்டியவர்.
"அன்றைக்கு மூடுபனியில் யார் வருகிறான் என்றே தெரியாது.
இப்போது கொலைகாரனின் சட்டைப் பித்தான் தெரிகிறது.
அப்புறம் துப்பு எதற்கு?"
மூச்சுக்கு முந்நூறு தரம் பிரானக் பேரைச் சொல்லும்
டெலோரஸ் மாக்கிக்கு
முகப்பு இசையை மாற்றியதில் ஆறாத கோபம்.
உரிமை கிடைக்கவில்லையாம்.
"புருஷனுக்கு வேறு தொண்டையை ஒட்டி
வீட்டுக்கு அனுப்பியது மாதிரி."
இரண்டாம் பருவத்தில் வந்த உதவியாளனை
இன்னும் மன்னிக்காதவர்களும் உண்டு.

மூன்றாவது தட்டு, நான்காம் கதை,
மீன் கிடங்கில் பிணம்.
முப்பத்தோராவது நிமிடத்தில்
பிரானக் குனிகிறார், தொப்பியைக் கழற்றாமல்.
"நிறுத்து" என்றார் ஆர்வில்.
நிறுத்தினேன்.
"பின்னால் போ."
போனேன்.
"பார். பிணம் மூச்சு விடுகிறது."

கையும் களவுமாகப் பிடித்த குதூகலம்
எட்டு முகங்களில்.
கட்டம் போட்ட சட்டை
பித்தானுக்குப் பக்கத்தில் எழுகிறது, தணிகிறது.
ஓய்வுபெற்ற நர்ஸ் ஒருத்தி
கைக்கடிகாரத்தைப் பார்த்து எண்ணினாள்:
பதினோரு வினாடியில் இரண்டு.
"ஆரோக்கியமான பிணம்."
சிரிப்பில் யாரோ காபியைக் கொட்டினார்கள்.

"மூன்று" என்றது கடைசி வரிசை.

வெர்னா சால்மேலா.
கோட்டைக் கழற்றாமல் உட்காருகிறவள்.
வந்த இத்தனை வாரத்தில் அதுதான் முதல் சொல்.
"அது என் ரெய்னோ.
படம் எடுக்கிறவர்கள் ஆள் கேட்டு வந்தார்கள்.
இருபத்தைந்து டாலர், ஒரு கிண்ணம் சூப்.
ஐஸ்கட்டி மேல் நாலு மணி நேரம் கிடந்தான்.
மூச்சை அடக்கு, அடக்கு என்று கத்தினார்களாம்.
டிவியில் வந்த ராத்திரி நான் எண்ணினேன்.
மூன்று."

கொட்டிய காபியைத் துடைக்க
எல்லோருக்கும் ஒரே நேரத்தில் காகிதம் தேவைப்பட்டது.
ஆர்வில் மட்டும்,
"இருந்தாலும் அது பிழைதான்" என்றார்.
"பிழைதான்" என்றாள்.
"அதைப் பார்க்கத்தான் வருகிறேன்.
இன்னொரு தரம் போடு, தம்பி."
போட்டேன். இரண்டு.
மறுபடி. இரண்டு.
நடுவில் எங்கோ வெட்டியிருக்கலாம் என்றாள் நர்ஸ்,
எண்ணிய கையை மடியில் ஒளித்துக்கொண்டு.

கொலைகாரன் யார் என்று அன்றைக்கு யாரும் கேட்கவில்லை.
கிடங்கு முதலாளி.
அந்தத் தொடரில் எப்போதும் முதலாளிதான்.

எல்லோரும் போன பிறகு
கழித்த பொருள் அறையில் தேடி எடுத்தேன்,
யாரோ வீட்டில் பதிந்து நன்கொடை தந்த நாடா.
அதே கதை, ஏதோ ஒரு மறு ஒளிபரப்பு.
பத்து வினாடியோ பதின்மூன்றோ,
இழுத்து இழுத்து ஓடியது.
கிடங்கு முழுக்கப் புள்ளி புள்ளியாகப் பனி.
அந்தப் பனிக்குள்
சட்டை எழுந்ததா, திரை நடுங்கியதா?
இரண்டு என்று சத்தியம் செய்ய முடியாது.
மூன்று இல்லை என்றும்.

பெட்டியோடு ஒரு கருத்துச் சீட்டு வைப்பது
எங்கள் நூலக வழக்கம்.
படம்: நன்று. ஒலி: சுமார். பழைய இசை எங்கே???
எல்லாம் வேறு வேறு கையெழுத்து.
மூன்றாவது தட்டை மட்டும் அவள் வீட்டுக்குக் கொண்டுபோய்
தவணை தாண்டி ஒன்பது நாள் கழித்துத் திருப்பினாள்.
குறை ஏதும் உண்டா என்ற கட்டத்துக்குள்
பென்சிலில், சின்னதாக:
ஒன்று.