பதினேழேகால்

இரவு இரண்டே முக்கால்.
நுவரெலியா ஆஸ்பத்திரி, தீவிர சிகிச்சைப் பிரிவு, நாலாம் கட்டில்.
யோகமணி, வயது நாற்பத்தொன்று.
பன்னிரண்டாம் நம்பர் மலையில் குளவிக்கூடு கலைந்து
இன்று மூன்றாம் நாள்.

பிரஷர் எண்பதுக்குக் கீழே வழுக்குகிறது.
மூத்திரப் பையில் ஒரு மணி நேரத்துக்கு எட்டு மில்லி,
ஆறிப்போன பிளேன்டீயின் நிறத்தில்.
"இன்னொரு சேலைன் ஏத்தவா டொக்டர்?"
நிலந்தி போத்தலை ஏற்கெனவே எடுத்துவிட்டாள்.
அந்த உதட்டைப் பார்த்தால்
யாருடைய கையும் அப்படித்தான் போகும்.

திரையில் ஓர் எண் 'கொடு' என்கிறது.
அதை நம்ப முடியாது.
மெஷின் ஊதும் மூச்சுக்கு இடையில்
தனக்கென்று ஒரு மூச்சைத் திருடி இழுக்கிறாள்,
கணக்கு கலைந்துபோகிறது.

ஆகவே கட்டிலைச் சாய்த்து, தலையைத் தாழ்த்தி
கால்களை உயர்த்துகிறோம்.
அட்டை கடித்த தழும்புகள்,
நகக்கண்ணில் போகாத மண்,
விரலால் அமுக்கினால் குழி விழும் வீக்கம்.
இருபத்து மூன்று வருஷம் சரிவில் ஏறிய கால்களிலிருந்து
அவளுடைய இரத்தமே முந்நூறு மில்லி
நெஞ்சுக்கு இறங்கும்,
காலை இறக்கினால் திரும்பிவிடும்.
தோட்டத்து அட்வான்ஸ் போல இல்லை,
ஒரு நிமிஷத்தில் தீரும் கடன்.

விலாவில் ஜெல் தடவி
இதயம் தள்ளும் அலையை அளக்கிறேன்.
முன்பு பதினேழு.
நாற்பதாம் விநாடியில்
பதினேழேகால்.

கொழுந்து குறைந்ததென்று அரைப்பேர் போடுகிறவனின் முகம்
அப்போது எனக்கு இருந்திருக்கும்.
புரோபைக் கொஞ்சம் நகர்த்தினேன்:
நுரையீரலில் மேலிருந்து கீழாக மழைக்கோடுகள்.
தகரக் கூரையிலும் அதே மழை.

"வேண்டாம் நிலந்தி."
போத்தல் அலுமாரிக்குத் திரும்புகிறது.
நோரட்ரினலினைக் கூட்டுகிறேன்.
விடிந்ததும் டயாலிசிஸுக்குச் சொல்ல வேண்டும்.

வெளி வாங்கில் மருதைவீரன்,
மடியில் ஒரு சுடுதண்ணீர்ப் போத்தல்.
"வாய் காஞ்சி கெடக்குதுங்க.
ஒரு மடக்கு தண்ணி குடுத்தீங்களா?"

இரண்டு நாளில் ஆறு லீட்டர் என்று சொல்லவா?
அது போக வழியில்லாமல்
அவளுக்குள்ளேயே நிற்கிறதென்றா?
"குடுத்தோம்" என்றேன்.
பொய் இல்லை.

உள்ளே வந்து பஞ்சை நனைத்துப் பிழிந்து
குழாய்க்குப் பக்கத்தில் உதட்டில் ஒற்றினேன்.
இரண்டு சொட்டு இருக்கும்.
சார்ட்டைக் கையில் வைத்திருந்த நிலந்தி
அதை எழுதவில்லை.