கிணற்றில் நாலில் ஒன்று

நோட்டில் பதினொரு கட்டம் வரைந்து கொண்டுவந்திருந்தேன்.
நீர். மண். சரிவு. கரண்ட் போனால். கடல் வந்தால்.
பெட்ரோல் தீர்ந்த நாட்டில்
உப்பு வாங்க எத்தனை மைல் நடக்கவேண்டும்.
கட்டத்துக்குப் பத்து மதிப்பெண்.
வேளச்சேரி மொட்டைமாடியில் மூன்று நாள்
பிஸ்கட்டை எண்ணித் தின்றவள் நான்.
எண்ணாமல் இனி எதையும் வாங்குவதாயில்லை.

மாவட்டத்தைக் கரையிலிருந்து கழித்துக்கொண்டே வந்தேன்.
குளச்சலுக்கு ஒரு கோடு: கடல் ஏற்கெனவே வந்துபோன ஊர்.
ஆரல்வாய்மொழி: ஆடிக்காற்று
ஓட்டைத் தூக்கி உள்ளே யாரென்று பார்க்கும்.
கிழக்கே அணு உலை. வரைபடத்தில் கவராயம் ஊன்றி
முப்பது கிலோமீட்டருக்கு வட்டம் போட்டேன்;
நாகர்கோவில் விளிம்பில் நின்று எட்டிப் பார்த்தது.

மிஞ்சியது மலையடிவாரம்.
குலசேகரம் தாண்டி, ரப்பர் மறைப்பில்
முப்பத்தெட்டு சென்ட்.
"எடவப்பாதியும் கிட்டும், ஐப்பசி மழையும் கிட்டும்"
என்றார் புரோக்கர் கிளாட்சன்.
நீருக்கு ஒன்பது போட்டேன்.
மேலே அணை உடைந்தால், என்று கேட்டேன்.
அவர் பைக்கின் கண்ணாடியை
வெகுநேரம் துடைத்தார்.
ஏழாகத் திருத்தினேன்.

ரப்பரைத் தின்னமுடியாது. ஆனால் வேலியோரம்
மரச்சீனி, அயினி, மிளகு ஏறிய கமுகு,
அடிமரத்திலேயே காய்த்துத் தொங்கும் சக்கை.
பஞ்சத்தில் ஒரு சக்கை எத்தனை பேருக்கு வரும்
என்று கணக்குப் போட்டுப் பார்த்தேன்.
வகுக்க ஒரே ஒரு ஆள்தான் இருந்தது.

ஒன்பதாவது கட்டம், அண்டை வீடு.
தூரம் கூடினால் மதிப்பெண் கூடும்.
இருபதடியில் ஒரு வீடு, முப்பதில் இன்னொன்று.
இங்கே ஒரு மட்டை விழுந்தால்
மூன்று முற்றத்தில் தலை நிமிரும்.
"ஆளில்லாத இடம் வேணும்னா கடல்லதான் பாக்கணும் மேடம்.
அங்கேயும் போட்டு நிக்கும்."
பூஜ்யம்.

பத்திர நகலை வாங்கி வாசித்தேன்.
நான்கெல்லை, நடைபாதை, பிறகு
'கிணற்றில் நாலில் ஒரு பங்கும்
அதில் வெள்ளம் கோரும் அவகாசமும்.'
வெள்ளத்தில் என் விரல் நின்றுவிட்டது.
கிளாட்சனுக்குச் சிரிப்பு:
"இது குடிக்கிய வெள்ளமாக்கும்."

கிணற்றடியில் லில்லிபாய் கோரிக்கொண்டிருந்தாள்.
"ஒத்தைக்கா இருக்கப் போறிய?"
ஆமாம்.
"பாம்பு கேறினா என்ன செய்விய?"
பதில் இல்லை.
"மரச்சீனிய எத்தனை வெள்ளத்துல ஊத்திக் களையணும்?"
அதற்கும் இல்லை.
என் பதினொன்றில் வராத ஒரு கேள்வியை
நான் கேட்டேன்: இவர் ஏன் விற்கிறார்?

கயிற்றை விடாமலே சொன்னாள்:
"ஒக்கி அடிச்சு கரண்டு போயி பதிமூணு நாளு.
ஜஸ்டஸ் ஜெனரேட்டரு வச்சிருந்தான்,
டீசல் தீந்த பொறவு அவனும் கயிறு பிடிச்சான்.
இவருக்குத் தனித் தொட்டி. மூணு மாச அரிசி.
கேட்டைப் பூட்டிட்டு உள்ள இருந்தாரு.
நாங்க ஒண்ணும் சொல்லல்ல, கேட்டியளா.
பொறவு பேசவும் இல்ல."

தொட்டி இன்னும் நிற்கிறது,
கறுப்பு, ஐயாயிரம் லிட்டர்.
காலையில் அதற்குத்தான் முழுப் பத்தும் கொடுத்திருந்தேன்.

"பிடியுங்க" என்று கயிற்றை நீட்டினாள்.
கப்பி கத்தியது. சுவரில் இடித்து இடித்து
வாளி பாதியாய் வந்தது.
அவள் வாளியைப் பார்த்தாள், என் உள்ளங்கையைப் பார்த்தாள்.
அவளிடம் நோட்டு எதுவும் இல்லை.

பைக்கில் திரும்பும்போது கிளாட்சன் சொன்னார்,
ரெண்டு நாளில் அட்வான்ஸ் வேண்டும், வேறு பார்ட்டி இருக்கிறது.
அவர்களும் மதிப்பெண் போடுகிறார்களா?
"இல்ல. வாஸ்து."

கூட்டிப் பார்த்தேன். அறுபத்தொன்று.
ஒன்பதாவது கட்டத்தை அடித்தேன்,
பிறகு எதை எழுதுவதென்று தெரியவில்லை.
பேனா பிடிக்க முடியாதபடி
கை எரிந்துகொண்டிருந்தது.