தொண்ணூறு டிகிரி

தொண்ணூறு டிகிரியைத் தாண்டிக் குனியாதே
என்றார் டாக்டர்.
டிகிரி என்றால் எனக்குச் சூடுதான்.
இருபத்தாறு வருடம்
முந்நூறு டிகிரிக்குள் தலையை விட்டு
ரொட்டி ஒட்டியவள் நான்.
தொண்ணூறெல்லாம்
அடுப்பு அணைந்த மறுநாள் காலையின் மிச்சம்.

அவர் சிரிக்கவில்லை.
தாளில் ஒரு குச்சிப் பொம்மை வரைந்து
அதன் இடுப்பில் கோடு போட்டார்.
இதற்குக் கீழே நீ இல்லை.

கால் மேல் கால் போடாதே என்றும் சொன்னார்.
கால் மேல் கால் போட்டுச் சாப்பிடுகிற குடும்பமா
டாக்டர் என்னுடையது?

வெட்டி எடுத்த எலும்பை
என்ன செய்தீர்கள் என்று கேட்டேன்.
நர்ஸ் ஜன்னலைப் பார்த்தாள்.
அதற்குப் பதிலாக உள்ளே இருப்பது
ஒரு பீங்கான் உருண்டை.
எங்கோ ஒரு சூளையில்
நான் பார்க்காத சூட்டில் வெந்து வந்தது.
அதனால் அதன்மேல் எனக்குக்
கொஞ்சம் மரியாதை உண்டு.

பதினான்காம் வாரம், திங்கட்கிழமை,
குத்தாயிசியில் மழை.
இடுப்பு முன்கூட்டிச் சொல்லவில்லை.
முன்பெல்லாம் ரியோனி ஆறு கலங்கும் முன்னே
அது சொல்லிவிடும்.
குடை எடுக்காமல் போய் நனைந்தேன்.

கடைக்குள் இறங்க ஐந்து படி.
நல்ல கால் சொர்க்கத்துக்கு, கெட்ட கால் நரகத்துக்கு,
அப்படி ஞாபகம் வைத்துக்கொள்
என்று சொல்லியிருந்தாள்
நடை பழக்கிய எலிசோ.
கெட்ட காலை முதலில் வைத்து
நரகத்துக்கு இறங்கினேன்.
புளித்த மாவு வாசனை.

நுக்ஸார் உயரமாய் ஒரு முக்காலி வாங்கி வைத்திருந்தான்,
விலைச்சீட்டைக்கூடக் கிழிக்காமல்.
இனி உனக்கு ஜன்னல், லமாரா.
காசை வாங்கு, ரொட்டியைக் கொடு.
அன்பாய்த்தான் சொன்னான்.
அன்பு சில சமயம்
ஆளை உட்கார வைத்துவிடும்.

அடுப்பில் தெங்கிஸ்.
மினிபஸ் ஓட்டியவன், கண் மங்கி லைசன்ஸ் போனவன்.
மண்சுவரில் அவன் ஒட்டும் ஷோத்தி
ஐந்தில் ஒன்று
சுவரை நம்பாமல் கனலில் விழும்.
ஈரத்துணியை எறிந்த சத்தம்.
பதினொரு மணிக்குள் ஒன்பது எண்ணினேன்.
இரண்டு பேருக்குச் சில்லறை தப்பாய்க் கொடுத்தேன்,
இரண்டும் கூடுதலாக.

பத்தாவது நழுவத் தொடங்கியபோது
முக்காலியில் நான் இல்லை.

விளிம்பில் வந்து நின்ற பிறகுதான்
குச்சிப் பொம்மை நினைவுக்கு வந்தது.
நின்றேன்.
ரொட்டி ஒரு முனையில் தொங்கியது.

பிறகு புதுக் காலைப் பின்னால் நீட்டினேன்,
நேராக, காற்றில்.
தராசின் ஒரு தட்டு மேலே போக
மறு தட்டாய் என் தலை
அடுப்புக்குள் இறங்கியது.
பழைய கால் ஒன்றே தரையில்.
பாவாடை பற்றி யாரும் பேச வேண்டாம்.

நுக்ஸார் கடவுளைக் கூப்பிட்டது கேட்டது.
தெங்கிஸ் என் ஏப்ரன் முடிச்சைப் பிடித்துக்கொண்டான்,
செங்குத்துச் சரிவில்
ஹேண்ட் பிரேக்கைப் பிடிப்பவன் போல.
புருவம் பொசுங்கியது.
பதினான்கு வாரம்
டெட்டால் நெடிக்கு நடுவே
நான் மோந்து மோந்து தேடியது இந்த வாசனையைத்தான்
என்று அப்போது தெரிந்தது.

கொக்கியில் மாட்டி இழுத்தேன்.
ஒரு பக்கம் கரி, ஒரு பக்கம் பச்சை மாவு.
விற்கிற ரொட்டியில்லை அது.

நிமிர்ந்தபோது யாரும் கைதட்டவில்லை.
நுக்ஸார் முக்காலியைக் காட்டினான்.
தெங்கிஸ் அடுத்ததை எடுத்து
முன்பு ஒட்டியது போலவே ஒட்டினான்.
போய் உட்கார்ந்தேன்,
கால்களைப் பிரித்து,
சொன்னபடி.
ஜன்னலில் ஒரு பெண்: சூடா இருக்கா?
தொட்டுப் பாருங்கள் என்றேன்.

இரவு ஐஸ் பையை இடுப்பில் கட்டிக்கொண்டு
கரியைச் சுரண்டி, பச்சையைக் கிள்ளி எறிந்து,
நடுவில் மிஞ்சியதை
உப்பு வெண்ணெய்க்கட்டியோடு தின்றேன்.
ரொட்டிக்குக் கீழே ஆஸ்பத்திரித் தாள்.
வேலைக்குத் திரும்பிவிட்டீர்களா?
ஆம், இல்லை,
இரண்டே கட்டம்.

வெள்ளிக்கிழமைக்குள் கொடுத்தால் போதும்.
இன்னும் நான்கு நாள் இருக்கிறது.