இறங்கும் கணக்கு

தேன்கனிக்கோட்டைக்கு இப்பால்
பெத்தசந்திரம் அரண்மனையில் படிகள் முப்பத்து மூன்று.
எல்லாம் கருங்கல். கீழே விசிறியாய் விரிந்து
மேலே போகப் போக இடுங்கும்.
உச்சியில் இப்போது சார்நிலைக் கருவூலம்.
சாய்தளம் போட இடமுண்டா என்று
அளந்து சொல்ல என்னை அனுப்பியிருந்தார்கள்.
பயணப்படி தனி.

டேப்பின் மறுமுனை காவலாளி திம்மராயன் கையில்.
"இது ஏறுறதுக்குக் கட்டலிங்க," என்றார்,
"இறங்குறதுக்குக் கட்டினது."

அரண்மனையில் ஒரு கணக்குப் புத்தகம் இருந்ததாம்.
யார் வந்தால் பாளையக்காரர்
எத்தனை படி இறங்கி வரவேண்டும் என்று.
வெள்ளைக்காரக் கலெக்டருக்கு முப்பத்து மூன்றும்,
குதிரையின் மூச்சு முகத்தில் படும்வரை.
மடத்துச் சாமிக்கு இருபது, வெறுங்காலோடு.
சம்பந்திக்குப் பதினொன்று,
பெண் கொடுத்த சம்பந்தி என்றால் ஒன்பது.
கணக்கனுக்கு இரண்டு, அதுவும் யுகாதியன்று.
குடியானவனுக்கு அதில் ஒரு வரியும் இல்லை.
அவன் வரி வேறு புத்தகத்தில் இருந்தது.

ராகி கதிர் பிடிக்காத ஒரு வருஷம்
ஊரே வந்து கீழ்ப்படிக்குக் கீழே உட்கார்ந்தது.
கூப்பிடவில்லை, கத்தவில்லை.
அவர் இறங்கினார். பதினேழு.
அங்கேயே நின்றார், விளக்கு வைக்கும் வரை.
என்ன சொன்னார், வரி போனதா
திம்மராயனுக்குத் தெரியாது.
அந்தப் படிக்கு மட்டும் ஊரில் பேருண்டு:
நின்றபடி.

கீழிருந்து எண்ணினாலும்
மேலிருந்து எண்ணினாலும் அது பதினேழுதான்.
அளந்தேன். உயரம் பதினைந்து சென்டிமீட்டர்,
மற்றவை போலவே.
குறிப்பு என்ற பத்தியில்
எழுத ஒன்றும் கிடைக்கவில்லை.

பதினொன்றரைக்கு ஓர் ஆட்டோ.
உள்ளே ஓய்வுபெற்ற தலைமைக் காவலர் பர்வதப்பா,
உயிரோடிருக்கிறேன் என்று காட்ட வந்தவர்.
காட்டினால்தான் ஓய்வூதியம், அதன்மேல் பஞ்சப்படி.
ஒரு கால் மடங்காது, மறுகால் சொன்னது கேட்காது.
ஆட்டோக்காரர் படிகளை அண்ணாந்து பார்த்துவிட்டு
ஹாரனை இரண்டு முறை அழுத்தினார்.

மேலே கணக்கர் ஷகிலா பானு எட்டிப் பார்த்தார்.
பதிவேடு அக்குளில், மைப்பெட்டி கையில்,
"இன்னிக்கு இது நாலாவது தடவை"
என்று முனகிக்கொண்டே இறங்கினார்.
எண்ணினேன். வேறென்ன வேலை எனக்கு?
பதினேழில் நின்றார்.
டேப்பை இழுக்க மறந்தேன்.
செருப்பு வார் கழன்றிருந்தது, மாட்டிக்கொண்டார்,
அவ்வளவுதான்.

முப்பத்து மூன்று.
அதற்கும் மேலே சரளையில் ஒன்பது எட்டு,
ஆட்டோ நிற்கும் வேம்பு வரை.
குனிந்து உள்ளே தலையை விட்டு
"கையெழுத்து நடுங்குது சார், ரேகையே போதும்" என்று
கட்டைவிரலைத் தானே பிடித்து உருட்டினார்.
மை துடைக்கப் பழைய காலண்டர் தாள் கொடுத்தார்.
"அடுத்த வருஷமும் வரணும்."
"வர்றேன்ம்மா," என்றார் பர்வதப்பா,
உத்தரவுக்குப் பதில் சொல்லும் விறைப்போடு.

கலெக்டருக்கும் கிடைக்காத ஒன்பது எட்டு அது.

ஐந்து மீட்டர் உயரத்துக்கு,
ஒன்றுக்குப் பன்னிரண்டு என்றால் அறுபது மீட்டர் வேண்டும்.
முற்றம் முப்பதோடு முடிகிறது.
அப்புறம் சாலை, மாங்கூழ் ஆலைக்குப் போகும் லாரிகள்,
அவை விட்டுப்போகும் புளித்த வாடை.
மடித்துப் போட்டால் தூண்கள் மறையும்,
தொல்லியல் துறை சம்மதிக்காது.
அறிக்கையில் எழுதினேன்:
சாய்தளத்துக்கு இடமில்லை.
மேசை ஒன்றும் நாற்காலி இரண்டும்
கீழ்த்தளத்துக்கு இறக்கலாம்.
செலவு, ஆள் இரண்டு, அரை நாள் கூலி.

எட்டு மாதம் கழித்துத் திம்மராயன் போன் செய்தார்,
மகளுக்கு ஏதாவது வேலை இருக்குமா என்று.
பேச்சு முடியும்போது கேட்டேன்,
மேசை என்னாச்சு?

"தூக்கினாங்க சார். பாதியில இருக்கும்போதே
உத்தரவு நிறுத்தம்னு மேலிருந்து கூப்பிட்டாங்க.
மேலயும் போகல, கீழயும் வரல."

எத்தனையாவது படி என்று
நான் கேட்கவில்லை.